ஆற்றைக் காப்பாற்றப் போட்ட தடை

1. கரகம் திரும்பி வந்த நாள்

அம்மன் திருவிழாவுக்குக் கரகம் அலங்கரித்துப் பாலிக்க ஆற்றுக்குப் போன சனம் தண்ணீரில் கால் வைக்காமலே திரும்பி வந்துவிட்டது என்று பாக்கியம் எனக்குப் போன் பண்ணினாள். சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. நான் ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தேன். மாக்கையோடு போனைப் பிடித்ததில் மா காதெல்லாம் ஒட்டிக்கொண்டது.

"வசந்தா, ஆத்துல நுரை வருது. நுரை மட்டும்னா பூசாரி கண்ண மூடிக்கிட்டு இறங்கியிருப்பாரு. மத்ததும் சேந்து வருது. நீ வந்து பாக்குறியா, இல்ல நான் இந்தச் சனத்த எல்லாம் கூட்டிக்கிட்டு உங்க ஆபீஸ் வாசலுக்கு வரவா?"

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நுவரெலியா மாவட்டத்துப் பிரதேச சபை ஒன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊருக்கு நான் டீ.ஓ. மிஸ். கட்டட பிளானைப் பார்ப்பது, இடத்தைப் போய் அளப்பது, கட்டி முடித்த பிறகு பிளானில் உள்ளபடிதான் கட்டியிருக்கிறார்களா என்று பார்த்துக் கையெழுத்து வைப்பது, இவைதான் என் வேலை. இப்போது அந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் சிலர், உங்கள் அனுபவத்தை எழுதுங்கள் மிஸ் என்றார்கள். எழுதுகிறேன். இனிப்பாக எழுத எனக்கு வராது. கசந்தால் வாயைக் கொப்பளித்துவிட்டு மேலே படியுங்கள்.

பாக்கியம் கீழ்க்கணக்கில் கொழுந்து பறிப்பவள். தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப் பிரிவைத்தான் கீழ்க்கணக்கு என்போம். நானும் அதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் அவள் எனக்கு மூன்று வகுப்புக் கீழே. தன் அப்பா செத்ததும் அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனாள், எனக்கு ஒரு மாமா இருந்ததால் நான் கண்டிக்குப் படிக்கப் போனேன். எங்களுக்குள் உள்ள வித்தியாசம் அந்த மாமாதான். ஆபீசுக்கு வந்தால் மற்றவர்கள் காதுக்காக என்னை மிஸ் என்பாள். வெளியே வந்ததும் வசந்தா, நீ, வா, போ.

போய்ப் பார்த்தேன். பாறைகளைச் சுற்றிச் சவர்க்கார நுரை முழங்கால் உயரத்துக்கு நின்றது. அதற்குள் என்ன மிதந்தது என்று எழுதினால் நீங்கள் சாப்பிடமாட்டீர்கள். மஞ்சள் சேலை கட்டிய பெண்கள் கரைமேட்டில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். அம்மனுக்குக் கடைசியில் மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீரைக் குடத்தில் பிடித்துத்தான் கரகம் பாலித்தார்கள். அந்த ஆற்றிலிருந்துதான் கீழே டவுனுக்குக் குழாய்த் தண்ணீர் எடுக்கிறார்கள். அம்மனாவது பீலித் தண்ணீரில் சமாளித்தாள், டவுன் சனத்துக்கு அந்த வசதியும் இல்லை.

மறுநாள் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ.யையும் கூட்டிக்கொண்டு ஆற்றோரமாக மேலே ஏறினேன். மேட்டில் வரிசையாகப் பன்னிரண்டு ஹோட்டல். சித்திரைச் சீசனில் ஒரு அறைக்குள் எட்டுப் பேர் படுக்கும் காலம். அதில் பெரியது கனகசபை முதலாளியுடையது. மரக்கறி லொறியில் ஆரம்பித்து மாடிக்கு மாடி ஏறியவர். அவர் ஹோட்டல் கக்கூஸில் பி.எச்.ஐ. பச்சைச் சாயத்தை ஊற்றித் தண்ணீரை இழுத்துவிட்டார். எங்களுக்குப் போட்ட பிளேன்டீ ஆறுவதற்குள் ஆறு பச்சையாகிவிட்டது.

அவருடைய பிளான் என் ஆபீசில் இருந்தது. அழகான பிளான். செப்டிக் டேங்க், அதற்கு அப்பால் கழிவுநீர் ஊறும் குழி, எல்லாம் அளவு பிசகாமல் வரைந்திருந்தது. டேங்க் இருக்க வேண்டிய இடத்தில் அவர் இரண்டு அறை கட்டி, ஆற்றைப் பார்த்த பல்கனியும் வைத்திருந்தார். கழிவு ஒரு குழாய் வழியாகப் பள்ளத்துக்குள் போனது. குழாய் வாயை மறைக்கப் பூஞ்செடி நட்டிருந்தார், நல்ல போஷாக்கில் அவை ஆள் உயரம் வளர்ந்திருந்தன.

கேட்டதற்கு அவர் கோபப்படவில்லை. "மிஸ், சீசன் ரெண்டே ரெண்டு வாரம். அதுக்கப்புறம் மழை வரும், ஆறு தன்னால கழுவிக்கும். ஆத்துக்கு அதுதானே வேல" என்றார். நாற்பது வருஷத்துக்குக் கிட்ட நான் கேட்ட வியாக்கியானங்களில் இதற்குத்தான் முதல் பரிசு.

2. கடற்கரையிலிருந்து வந்த சட்டம்

அப்போது எங்கள் மாவட்டத்துக்குத் திட்டமிடல் உத்தியோகத்தராக ஒரு பையன் வந்திருந்தான். பையன் என்று வாய்ப்பழக்கத்தில் சொல்கிறேன், முப்பது வயது இருக்கும். பெயர் சமிந்த. தென்பக்கத்துக் கடற்கரைக்காரன். நல்லவன், அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நாங்கள் சிங்களத்தில்தான் பேசுவோம். என் சிங்களத்தைத் திருத்த மாட்டான், அதிலேயே பாதி நல்ல மனுஷன் என்று தெரியும்.

அவன் முன்பு வேலை செய்த கடலோரத்திலும் இதே கதையாம். ஹோட்டல் ஹோட்டலாகக் கட்டி, கழிவெல்லாம் களப்பு என்கிற கடலோர ஏரிக்குள் போய், அங்கிருந்து கடலுக்குள் போய், மீன் செத்து, குளித்த வெள்ளைக்காரர்களுக்குச் சொறி வந்து, கடைசியில் ஹோட்டலுக்கே ஆள் வராமல் போனதாம். அப்போது ஒரு தற்காலிகத் தடை போட்டார்கள். கழிவுநீருக்கு ஒழுங்கான ஏற்பாடு வரும்வரை தண்ணீர் ஓரத்தில் புதிதாக எந்தக் கட்டடத்துக்கும் அனுமதி இல்லை. இருப்பதைத் திருத்தலாம், புதிதாக ஒரு கல்லும் வைக்கக் கூடாது. சில வருஷத்தில் களப்பில் மீன் திரும்பி வந்தது என்றான். சொல்லும்போது அவன் முகம் மலர்ந்திருந்தது.

இது ஒன்றும் பெரிய தத்துவம் இல்லை. ஒழுகுகிற பானையில் தண்ணீர் ஊற்றுவதை முதலில் நிறுத்துகிறோம், பிறகு ஓட்டையை அடைக்கிறோம். கட்டடம் ஏறிக்கொண்டே போனால் எந்தக் குழாய்த் திட்டமும் அதை எட்டிப் பிடிக்காது. ஆகவே நில் என்று ஒரு சொல் வேண்டியிருக்கிறது. எனக்கு அது பிடித்திருந்தது. நானும் சமிந்தவும் ஆற்றின் இரண்டு கரையிலும் அளவு நாடா பிடித்துக்கொண்டு அட்டைக்கடியோடு நடந்தோம். எந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் கட்டக் கூடாது என்று குச்சி நட்டோம். என் உத்தியோக காலத்தில் நான் சந்தோஷமாகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

சபைத் தலைவரான தவிசாளரும் சம்மதித்தார். கரகம் திரும்பி வந்த கோபம் தோட்டத்தில் இன்னும் தணியவில்லை, தேர்தலும் வருவதாகப் பேச்சு. சபையில் எழும்பி ஆறு எங்கள் தாய் என்று பேசினார். தாய்க்குள் என்ன விடப்படுகிறது என்று பி.எச்.ஐ. சொன்ன இடத்தில் மட்டும் தண்ணீர் குடித்துக்கொண்டார்.

தடையின் வாசகத்தைக் கடற்கரையில் எழுதியதிலிருந்து அப்படியே எடுத்திருந்தார்கள். களப்பு என்று இருந்த இடத்தில் ஆறு என்று போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். அதில் ஒரு வரி என் கண்ணைக் குத்தியது. அசெஸ்மென்ட் நம்பர் உள்ள கட்டடங்களில் மட்டும் திருத்த வேலை செய்யலாம். மற்றதெல்லாம் புதுக் கட்டடமாகக் கருதப்படும், கட்டினால் அகற்றப்படும்.

அசெஸ்மென்ட் நம்பர் என்றால் சபைக்கு வரி கட்டும் கட்டடத்துக்குக் கொடுக்கிற இலக்கம். கடற்கரையில் குடிசைக்கும் அது இருக்கும். எங்கள் லயத்தில் காம்பரா என்கிற எந்த ஒற்றை அறை வீட்டுக்கும் கிடையாது. வெள்ளைக்காரத் துரை காலத்தில் பிளானும் இல்லாமல் அனுமதியும் இல்லாமல் கட்டியவை அவை. நிலம் அரசாங்கத்துடையது, குத்தகை கம்பெனியுடையது, உள்ளே இருப்பது மட்டும்தான் சனம். கடிதம் வந்தால்கூடத் தோட்ட ஆபீசுக்கு வந்து, கங்காணி கையில் கிடந்து, பிறகுதான் ஆள் கைக்கு வரும். நாலு தலைமுறை அடுப்பெரித்த வீடு எங்கள் சபையின் காகிதத்தில் கட்டடமே இல்லை.

இதைக் கூட்டத்திலேயே சொன்னேன். லயத்தில் ஒரு சுவர் விழுந்து திரும்பக் கட்டினாலும் அது இந்தச் சட்டப்படி புதுக் கட்டடம் ஆகிவிடும், லயங்களுக்கு விலக்கு என்று ஒரு வரி சேருங்கள் என்றேன். சமிந்த உடனே தலையாட்டினான். அவனுக்கு அப்படி ஒரு வீடு உலகத்தில் இருக்கும் என்றே தெரிந்திருக்கவில்லை. தவிசாளர்தான் சிரித்தார்.

"லயத்துல யாரு மிஸ் ஹோட்டல் கட்டப் போறாங்க? அவங்களுக்கு இது பொருந்தவே பொருந்தாது. அதப்போயி எழுதணுமா?"

"பொருந்தாதுன்னா அதையே எழுதிடுங்க சேர்" என்றேன்.

பிறகு ஒரு சுற்றறிக்கையில் போடலாம் என்றார். தவிசாளரே தோட்டத்துப் பிள்ளைதான், லயத்தில் பிறந்தவர்தான். இப்போது டவுனில் நம்பர் உள்ள வீட்டில் இருக்கிறார். அந்தச் சுற்றறிக்கை இன்னும் வரவில்லை.

3. ஒழுகிய கூரை

தடை நடைமுறைக்கு வந்ததும் கனகசபை முதலாளி முதல் ஆளாக வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். கையில் கேக் பெட்டியோடு வந்தார். தடையை மனதார வரவேற்கிறாராம். தன்னுடைய கட்டடத்தில் கூரை ஒழுகுகிறது, திருத்த அனுமதி வேண்டும் என்றார். நம்பர் இருக்கிறது, சட்டம் இடம் கொடுக்கிறது, கொடுத்தோம்.

கூரையைத் திருத்தக் கூரையைக் கழற்றினார். கழற்றியதும் சுவர் பலமில்லை என்று தூண் எழுப்பினார். தூண் எழும்பிய பிறகு சும்மா விடலாமா, கொங்கிரீட் தட்டுப் போட்டார். ஆவணிக்குள் அந்த ஒழுகிய கூரை இரண்டு மாடி மேலே போய் உட்கார்ந்துகொண்டது. புது அறை எல்லாவற்றுக்கும் ஆற்றுப் பக்கம் பல்கனி.

நான் மூன்று முறை போய் அளந்து, இது திருத்தம் இல்லை, புதுக் கட்டடம் என்று அறிக்கை கொடுத்தேன். திருத்தம் என்றால் எதுவரை என்று சட்டத்தில் எழுதவில்லையே என்று அவருடைய வக்கீல் கேட்டார். எழுதவில்லைதான். கடற்கரையில் இதற்கு வேறொரு விதிக்கோவை இருந்ததாம், எங்களுக்கு அதை யாரும் அனுப்பவில்லை. புதிதாக வர நினைத்தவன் எவனும் தடையால் வர முடியவில்லை. ஆகவே இருந்த ஹோட்டல்காரர்களுக்குப் போட்டி இல்லை, வாடகை ஏறியது. தடையை ஏன் வரவேற்றார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அதற்கு மேலும் ஒன்று நடந்தது. ஆற்றுப் பாதுகாப்புக் குழு என்று சபை ஒன்றை அமைத்தது. அதில் வியாபாரிகள் சார்பில் கனகசபை முதலாளி. பாலத்தடியில் ஆற்றைக் காப்போம் என்று பெரிய போர்டு வைத்தார், கீழே அவர் ஹோட்டல் பெயர். திருடன் கையில் சாவி என்பது பழமொழி. எங்கள் ஊரில் பூட்டும் அவரே வாங்கிக் கொடுத்தார்.

4. கீழ்க்கணக்கில் ஒரு குழி

அந்த மழைக்காலத்தில் கீழ்க்கணக்கு லயத்துக்குப் பின்னால் மண் சரிந்தது. ஆள் சேதம் இல்லை. பழைய கக்கூஸ் வரிசையை மட்டும் மண் அப்படியே தள்ளிக்கொண்டு போனது. பன்னிரண்டு காம்பராச் சனத்துக்கும் இருந்தது அது ஒன்றுதான். பிறகு ஆம்பிளைகள் எங்கேயாவது போனார்கள். பெண்கள் விடியும் முன்னே எழும்பி, இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து, டோர்ச் லைட்டோடு ஆற்றோரத்துப் பற்றைக்குப் போனார்கள். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு முன்னே போக வேண்டும், இல்லையென்றால் இருட்டும்வரை அடக்கிக்கொண்டு மலையில் நிற்க வேண்டும். எனக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. பதினெட்டு வயதுவரை நானும் அப்படிப் போனவள்தான்.

பாக்கியத்துக்கு இதில் இன்னொரு அவசரம் இருந்தது. அவளுடைய ஒரே மகள் செல்வியைக் கொழும்பில் கட்டிக்கொடுத்திருந்தாள். மகள் முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது எங்கள் சனத்துக்கு எழுதாத சட்டம். மகள் மாட்டேன் என்றுவிட்டாள். கொழும்பில் ஒரு அறை வீடுதான், என்றாலும் கதவு வைத்த கக்கூஸ் இருக்கிறது. வயிற்றுப்பிள்ளையோடு இருட்டில் சரிவில் இறங்க என்னால் ஏலாது அம்மா, கோவிச்சுக்காதே என்று போனில் சொல்லியிருக்கிறாள்.

பாக்கியம் ஆபீசில் என் மேசைக்கு முன்னால் நின்று இதைச் சொன்னாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அவ சொல்றது நாயந்தான் மிஸ். நான் பெத்தப்ப எங்கம்மா அரிக்கேன் லாம்பு புடிச்சிக்கிட்டு என்கூட வந்துச்சு. எம்மகளுக்கும் நான் அப்படித்தான் லைட்டு புடிக்கணுமா? ஏழாம் மாசத்துக்குள்ள ஒரு கக்கூஸ் வேணும். கட்டுறது நாங்க கட்டிக்கிறோம். நீங்க கட்டலாம்னு மட்டும் சொல்லுங்க."

மாதா கோயில் சங்கம் ஒன்று சீமெந்தும் கக்கூஸ் கோப்பையும் தகரமும் தர ஒத்துக்கொண்டிருந்தது. தோட்டத்து மனேஜரான துரையும் நிலத்துக்குச் சம்மதம் கொடுத்துவிட்டார். அது பெரிய விஷயம், தோட்டத்தில் ஒரு கல்லை நகர்த்தவும் துரை சம்மதம் வேண்டும். சபை அனுமதி ஒன்றுதான் பாக்கி. நான் எழுதி அனுப்பினேன். இடம் தடைக் கோட்டுக்கு உள்ளே, நம்பர் இல்லை, ஆகவே புதுக் கட்டடம், ஆகவே அனுமதி இல்லை என்று பதில் வந்தது. கோட்டுக்கு வெளியே ஏன் கட்டவில்லை என்று கேட்பீர்கள். வெளியே எல்லாம் தேயிலை. தேயிலைச் செடியைப் பிடுங்கக் கம்பெனி விடாது, சனத்தைப் பிடுங்க மட்டும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

தவிசாளரிடம் நேரே போனேன். தடை எதற்கு, ஆற்றில் அசிங்கம் சேராமல் இருக்கத்தானே, ஒழுங்கான குழியோடு கக்கூஸ் கட்டினால் அசிங்கம் மண்ணுக்குள் நிற்கும், கட்டாவிட்டால் மழைக்கு நேரே ஆற்றுக்குள் போகும், இந்த ஒரு கட்டடம் தடைக்கு எதிரி இல்லை, தடையின் கூட்டாளி என்று சத்தம் போட்டேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் பெருத்துவிடும், பக்கத்து அறையில் டைப் அடிக்கிற சத்தம் நின்றுபோனது. அவர் பொறுமையாகக் கேட்டார். கடிதத்தில் தர முடியாது, ஒன்றுக்கு விட்டால் எல்லோருக்கும் விட வேண்டும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"கட்டச் சொல்லுங்க மிஸ். நான் பாக்கல. நம்ம சனந்தானே, யாரு கேக்கப் போறா."

கட்டினார்கள். மலையில் வேலை முடித்து வந்த பிறகு ஆம்பிளைகள் குழி வெட்டினார்கள். பெண்கள் மணலைக் கொழுந்துச் சாக்கில் கட்டித் தலையில் சுமந்தார்கள். ஆற்றிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி நான்தான் இடம் காட்டினேன். குழியில் தண்ணீரை நிரப்பி, அது மண்ணில் எவ்வளவு வேகமாக ஊறுகிறது என்று பார்த்து, ஆழத்தைக் கூட்டச் சொன்னேன். மேட்டில் இருந்த பன்னிரண்டு ஹோட்டலிலும் அப்படி ஒரு குழி இருக்கவில்லை என்று சத்தியம் பண்ணுவேன். நாலு கதவு, தகரக் கூரை, உள்ளே கொண்டி. பாக்கியம் ஒவ்வொரு கொண்டியையும் போட்டுப் போட்டுக் கழற்றிப் பார்த்தாள்.

செல்வி ஏழாம் மாதத்தில் வந்து இறங்கினாள். புருஷன் பேக்கைத் தூக்கிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போனான். பாக்கியம் எனக்குப் பொங்கல் அனுப்பினாள்.

5. அலவாங்கு

அந்த நேரம் பார்த்துத்தான் டவுன் தண்ணீரைச் சோதித்த முடிவு வந்தது. தடை போட்டும் ஆறு திருந்தவில்லை, முன்பைவிட மோசம். எப்படித் திருந்தும், இரண்டு மாடி கூடுதலாக அல்லவா அதில் இறங்குகிறது. பத்திரிகையில் படம் போட்டார்கள். மேலிடத்திலிருந்து, தடை போட்டு என்ன செய்தீர்கள், எத்தனை கட்டடத்தை அகற்றினீர்கள் என்று கேட்டார்கள். ஒன்றையும் அகற்றவில்லை.

ஆற்றுப் பாதுகாப்புக் குழு கூடியது. கனகசபை முதலாளி எழும்பி மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"நாங்க எல்லாம் நம்பர் உள்ள கட்டடம். வரி கட்டுறோம், சட்டப்படி இருக்கோம். ஆத்தோரத்துல யாரு ஒதுங்குறாங்கன்னு நான் சொல்லி யாரும் தெரிஞ்சுக்க வேண்டியதில்ல. தடை போட்ட எடத்துக்குள்ள கீழ்க்கணக்குல புதுசா கட்டடம் எழும்பியிருக்கு. அத விட்டுட்டு எங்கள கேட்டா எப்புடி?"

கூட்டத்தில் எல்லோரும் தவிசாளரைப் பார்த்தார்கள். தவிசாளர் மேசையைப் பார்த்தார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள், அந்த ஆண்டியைக் கண்டுபிடித்துவிட்ட நிம்மதி அந்த அறையில் இருந்த ஒவ்வொரு முகத்திலும் தெரிந்தது. நான் பேசினேன். பச்சைச் சாயத்தைப் பற்றிச் சொன்னேன், இரண்டு மாடியைப் பற்றிச் சொன்னேன். அவையெல்லாம் இன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லை என்றார்கள். அகற்றும் உத்தரவைத் தயாரிக்கச் சொன்னார்கள். நான் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று எழும்பி வந்துவிட்டேன். அதனால் ஒன்றும் நிற்கவில்லை. பக்கத்துச் சபையிலிருந்து வேறொரு டீ.ஓ.வை இரவல் வாங்கினார்கள்.

சமிந்த அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தான். அவனுக்குப் போன் போட்டேன். இதற்காக இல்லை மிஸ் அந்தச் சட்டம், எங்கள் பக்கத்தில் இப்படி ஒருநாளும் நடக்கவில்லை என்றான். உங்கள் பக்கத்தில் எல்லா வீட்டுக்கும் நம்பர் இருக்கிறது மகனே என்றேன். அவன்மேல் கோபப்பட்டும் பயனில்லை. மேலிடத்தில் பேசிப் பார்க்கிறேன் என்றான். பேசியும் இருப்பான்.

அன்றைக்கு லயத்தில் ஆம்பிளைகள் யாரும் இல்லை. எல்லோரும் மலையில். இடிக்கிற இயந்திரமான பெக்கோவைக் கொண்டுவந்தார்கள், அது லயத்துப் படிக்கட்டில் இறங்க முடியாமல் றோட்டிலேயே நின்றுவிட்டது. கனகசபை முதலாளியின் மாடிக்கு முன்னால் அகலமான பாதை இருந்தது, அங்கே அதைக் கொண்டுபோக யாருக்கும் தோன்றவில்லை. சபைத் தொழிலாளர் நாலு பேர் அலவாங்குக் கடப்பாரையோடு இறங்கினார்கள். அவர்களும் எங்கள் சனம்தான், பக்கத்துத் தோட்டத்து லயத்திலிருந்து வேலைக்கு வருபவர்கள். ஒருவர் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் லீவு போட்டுவிட்டு வந்து நின்றிருந்தேன். நின்று என்ன செய்தேன் என்று கேட்டால், நின்றேன்.

பாக்கியம் செய்தி கேட்டு மலையிலிருந்து பாதிக் கொழுந்துக் கூடையோடு ஓடி வந்தாள். அன்றைக்கு அரைப்பேர்தான், பாதிச் சம்பளம்தான் விழும் என்று கங்காணி பின்னால் கத்தினாராம். அவள் அழவும் இல்லை, மண்ணை வாரித் தூற்றவும் இல்லை. வந்த டீ.ஓ.விடம், தகரத்த வளைக்காம கழட்டுங்க, அது கோயில் சங்கம் தந்த சாமான் என்று மட்டும் சொன்னாள். சுவர் விழுந்தது, கோப்பை உடைந்தது. குழியைக் கல்லும் மண்ணும் போட்டு மூடினார்கள். படம் எடுத்தார்கள், மேலிடத்துக்கு அனுப்ப வேண்டுமே.

செல்வி காம்பரா வாசற்படியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. சற்று நேரத்தில் உள்ளே போய்ப் பேக்கை எடுத்து வைத்தாள். மத்தியானம் கொழும்பு பஸ் இருக்கிறது என்றாள்.

நான் பாக்கியத்துக்குப் பக்கத்தில் போனேன். என்ன சொல்வதென்று தெரியாமல், மேலே எழுதுகிறேன், இதை விடமாட்டேன் என்றேன். அவள் கூடையைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஆத்த காப்பாத்துங்க வசந்தா. நல்லா காப்பாத்துங்க. நான் போயி எம்மகள பஸ் ஏத்திட்டு வர்றேன்."

பிள்ளை கொழும்பில் பிறந்தது. பெண் குழந்தை. பாக்கியத்துக்கு லீவு கிடைத்து அவள் போய்ப் பார்த்தபோது பிள்ளைக்குத் தலை நின்றுவிட்டது. தாய் வீட்டில் பத்தியம் வைத்து, மருந்துத் தண்ணீர் வார்த்து, சாம்பிராணி போட அவள் சேர்த்து வைத்ததெல்லாம் காம்பராவில் அப்படியே கிடந்தது. இதற்கு நஷ்டஈடு கேட்க எந்த ஆபீசும் இல்லை.

நான் மேலே எழுதினேன், ஒரு தடவை அல்ல. பதில் வருவதற்குள் எனக்கு ஓய்வு வந்துவிட்டது.

இந்த வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, தடை கெட்டது என்று நான் சொல்லவில்லை. கடலோரத்தில் அது மீனைத் திருப்பிக் கொண்டுவந்தது, சமிந்த பொய் சொல்பவன் இல்லை. எங்கள் ஆற்றுக்கும் ஒரு தடை வேண்டும், இன்றைக்கும் வேண்டும். ஆனால் இன்னொரு ஊருக்கு எழுதிய சட்டத்தை உங்கள் மேசையில் வைத்தால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் ஊரில் யார் யார் அந்தத் தாளில் இல்லை என்று எழும்பிப் போய்ப் பாருங்கள். அவர்களை அதில் எழுதும்வரை பேனாவைக் கொடுக்காதீர்கள். பிறகு சுற்றறிக்கையில் போடலாம் என்று சொன்னால் நம்பவே நம்பாதீர்கள். வாயால் கட்டச் சொல்பவன் கையால் இடிக்கச் சொல்வான்.

தடை இன்னும் இருக்கிறது. இத்தனை காலத்தில் அதன்பேரில் எங்கள் சபை இடித்தது ஒரே ஒரு கட்டடம், அந்தக் கக்கூஸ். கீழ்க்கணக்குப் பெண்கள் பெரட்டுக்கு முன்னே டோர்ச் லைட்டோடு ஆற்றோரத்துக்குத்தான் இன்றும் போகிறார்கள். அது கட்டடம் இல்லை, ஆகவே சட்டத்தில் அதற்குத் தடையும் இல்லை.